ஊதாத் துணிக்குள் ரேடியோ

தவக்காலத்தில் கோயிலின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைப்பது கத்தோலிக்கர் வழக்கம். மற்ற ஊர்களில், இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் மூடுவார்கள். ஆவூருக்கு அருகே இருந்த சூசையப்பர்பட்டியில், கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் ஆரோக்கியமுத்து, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று மாலையே மூடிவிடுவார். மாதா, சூசையப்பர், அந்தோணியார் என்று ஒவ்வொருவராகப் போர்த்தி முடித்தபின், மிஞ்சிய துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நடுவீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்த ரேடியோவின்மேல் அதைப் போர்த்துவார். பேட்டரியைக் கழற்றிக் கோயிலின் சாமான் அறையில் வைத்துப் பூட்டுவார். பாஸ்கு விடியும்வரை அந்தப் பெட்டியும் ஒரு சுரூபந்தான்.

அந்த ரேடியோ அவருடையது அன்று. அவருடைய தம்பி அடைக்கலத்தின் மனைவி சந்தனமேரிக்கு, கொழும்பில் கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்த நாள் முதல் அதன் குமிழைத் தொடும் உரிமை உபதேசியார் ஒருவருக்கே இருந்தது. மாலையில் அவர் நாற்காலியில் அமர்வார். அடைக்கலம் பாயில் அமர்வார். சந்தனமேரி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். திருச்சி நிலையத்தின் செய்தி முடியும். அடுத்துச் சினிமாப் பாட்டு வரும் என்று அறிவிப்பாளர் வாயெடுப்பதற்குள், கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் உபதேசியார் குமிழைத் திருகிவிடுவார். அவ்வளவுதான் அந்தக் குடும்பம் ரேடியோ கேட்ட அழகு.

கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுவது அந்த வீட்டுப் பெண்களின் வழக்கமன்று. அவருக்கு மோர் வேண்டுமா என்று கேட்பதானாலும் சந்தனமேரி கதவு நிலையைப் பார்த்துக் கேட்பாள். அவரும் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஐம்பத்தேழாம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, உபதேசியார் கோயிலுக்குப் புறப்படும் நேரத்தில், அவள் நடுவீட்டுக்கு வந்தாள். ரேடியோவின்மேல் இருந்த ஊதாத் துணியை எடுத்து நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய மச்சான்," என்றாள். கதவு நிலையைப் பார்த்து அல்ல; அவர் முகத்தைப் பார்த்து. "இன்னைக்கு மத்தியானம் மரிய செல்வி ரேடியோவுல பேசுறா. நான் கேக்கப் போறேன். ஒளிச்சுக் கேக்க எனக்கு இஷ்டமில்ல. அதான் ஒங்ககிட்ட சொல்லிட்டுக் கேக்குறேன்."

உபதேசியார் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"அடைக்கலம், இந்த வீட்டுல இப்ப யாரோ பேசுன மாதிரி இருந்துச்சே."

கயிறு திரித்துக்கொண்டிருந்த அடைக்கலம் தலை நிமிராமல், "மேரிதாண்ணே," என்றார்.

"வீட்ட விட்டுப் போனவ பேரை இங்க சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். ஒன் பொண்டாட்டி மறந்துட்டாளோ?"

"மறக்கலண்ணே. மறந்திருந்தா இம்புட்டுத் தெளிவாவா சொல்லுவா?"

மரிய செல்வி அடைக்கலத்துக்கும் சந்தனமேரிக்கும் ஒரே மகள். உபதேசியாருடைய மறைந்த மனைவிக்கு ஒரு தம்பி இருந்தார், தாரமிழந்தவர். அவருக்கே மரிய செல்வியைக் கொடுப்பது என்று உபதேசியார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பெண் முடியாது என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போய், ஒரு மருத்துவமனையில் தாதிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். இனி அவள் இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது. அவள் பேரும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. இங்கிருந்து யாரும் அவளைப் பார்க்கப் போகவும் கூடாது என்று அவர் விதித்துவிட்டார். அவர் விதித்தால் விதித்ததுதான். பல ஆண்டுகளுக்கு முன்னால் சந்தனமேரிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து எட்டாம் நாள் ஜன்னி கண்டு இறந்தபோது, அவள் வேளாங்கண்ணிக்கு வைத்த நேர்ச்சையைச் செலுத்தாததே காரணம் என்று விதித்தவரும் அவரே. அவள் அதையும் மறுபேச்சு இல்லாமல் சுமந்துகொண்டிருந்தாள்.

மகளைப் பற்றிய செய்தி அவளுக்கு ஒரே வழியாகத்தான் வந்தது. திருச்சியிலிருந்து குளத்தூர் போகும் பஸ்ஸின் டிரைவர் மூக்கன், மரிய செல்வி சொல்லியனுப்பும் இரண்டொரு சொல்லைக் கொண்டுவந்து சேர்ப்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் கொண்டுவந்த செய்தி இதுதான்: "வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்குப் பாப்பா ரேடியோவுல பேசப் போகுதுங்க ஆத்தா. மாதர் நிகழ்ச்சியாம். ஒரே ஒரு தடவதானாம். வாயில இருந்து நேரா காத்துல போயிருமாம். புடிச்சு வச்சு மறுபடி போட மாட்டாகளாம். எப்படியாச்சும் கேக்கச் சொல்லுச்சு."

உபதேசியார் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"துணிய எடுத்த பாவத்தப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிரட்டும். பேட்டரி கோயில்ல இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு. வெறும் பொட்டி எப்படிப் பேசுதுன்னு நானும் பாக்குறேன்னு சொல்லு, அடைக்கலம்."

"அண்ணன் என்ன சொல்றாருன்னா..." என்று அடைக்கலம் தொடங்கினார்.

"எனக்குக் காது இருக்கு," என்றாள் சந்தனமேரி.

அவர் போனபின் அவள் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தாள். மகளின் முகம் மறந்துபோகவில்லை. சிறுவயதில் முதல் திருவிருந்து பெற்ற அன்று எடுத்த படம் சுவரில் இருந்தது. உபதேசியார் அதைத் திருப்பி மாட்டியிருந்தாலும் எடுத்தெறியவில்லை. ஆனால் குரலை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால், சில நாட்களாக அது சரியாக வரவில்லை. 'அம்மா' என்று அழைப்பது மட்டும் கேட்டது. மற்ற சொற்களையெல்லாம் நினைவில் மகள் அடுத்த வீட்டுப் பெண்ணின் குரலில் பேசினாள்.

"விடு மேரி," என்றார் அடைக்கலம். "பாஸ்கு வந்தா பேட்டரி வந்துரும். அப்பறம் கேட்டுக்கலாம்."

"பாஸ்கு வரைக்கும் அவ மூச்சுவிடாமப் பேசிக்கிட்டே இருப்பாளாக்கும்."

அடைக்கலம் கயிற்றை மறுபடி எடுத்தார். அவள் ரேடியோவின் பின்புறத்தில் பேட்டரி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, ராத்திரில பஸ்ஸு வெளக்குப் போட்டுக்கிட்டு வருதே, அது எதுல எரியுது?"

"பேட்டரியிலதான்." சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தா, வேண்டாம். மூக்கன் ஒத்துக்கிர மாட்டான்."

"அவன் பொண்டாட்டி பிரசவத்துல கெடந்து தவிச்சப்ப ராவெல்லாம் கூட இருந்து பாத்தது யாரு? ஒத்துக்குவான். கூரைக்கு மேல கட்டியிருக்கிற ரேடியோக் கம்பிய அவுத்துக்கிட்டு வாங்க."

"அண்ணன் பாத்தா?"

"பாக்கட்டும்னுதானே பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்."

புழுதி படாமல் இருக்க அந்த ஊதாத் துணியையே ரேடியோவின்மேல் நன்றாக இழுத்துப் போர்த்தினாள். சும்மாட்டின்மேல் பெட்டியை ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அடைக்கலம் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடன் தற்செயலாகப் போகிறவரைப்போல் சற்றுத் தள்ளி நடந்தார்.

தெரு முனையில் இருந்த கிழவர் ஒருவர், ஊதாத் துணி போர்த்த ஒன்று தலைமேல் வருவதைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சிலுவை வரைந்தார். தவக்காலத்தில் அந்த ஊரில் ஊதாத் துணிக்குள் சுரூபத்தைத் தவிர வேறொன்று இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. கிழவர் பின்னால் வந்தார். அவரைக் கண்டு இரண்டு பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு சேர்ந்தார்கள். அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் பின்னால் செபமாலை தொடங்கிவிட்டது.

பிரசவம் பார்க்கும் மருதாயி எதிரே வந்தாள். அவள் கிறிஸ்தவ வேதக்காரி அல்லள்; ஆனாலும் ஒதுங்கி நின்று கும்பிட்டாள். "எந்தச் சாமிம்மா போகுது?"

"சாமி இல்ல மருதாயி, ரேடியோ. எம் மக பேசப் போறா. வா கேக்க."

பின்னால் வந்தவர்களுக்கும் இது கேட்டது. ஆனால் செபமாலையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று உபதேசியார் வருடந்தோறும் பிரசங்கம் செய்திருந்தார். ஆகவே செபத்தோடு ரேடியோவும், ரேடியோவோடு செபமும் பஸ் நிற்கும் புளியமரத்தடி வந்து சேர்ந்தன. மரத்துக்கு எதிரே சாலையின் அந்தப் பக்கம் கோயில் இருந்தது.

பஸ் வந்து நின்றிருந்தது. நண்பகல் மணி அடித்து முடியும்வரை அந்த ஊரில் எந்த வண்டியும் நகராது என்பதால், மூக்கன் கட்டுச்சோற்றை அங்கேதான் அவிழ்ப்பான். சந்தனமேரி தனக்கு வேண்டியதைச் சொன்னாள். அவன் வாயில் இருந்த கவளத்தை விழுங்கிவிட்டுக் கோயில் பக்கம் பார்த்தான்.

"ஆத்தா, என் மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலையவிட்டுத் தூக்கிருவாரு. ஒங்க உபதேசியாருக்குத் தெரிஞ்சா என்னையவே தூக்கிருவாரு."

"அவருக்குத் தெரியும். காலையிலயே சொல்லிட்டேன்."

மூக்கன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "அப்ப கொண்டாங்க இங்கிட்டு. முழு பேட்டரியையும் கொடுத்தா பொட்டி பொகஞ்சுரும். பாதிதான் கொடுக்கணும்." வண்டியின் பக்கவாட்டுப் பலகையைத் திறந்து பேட்டரியில் இரண்டு ஒயர்களை மாட்டினான். ஐம்பது வயதைத் தாண்டிய அடைக்கலம் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு புளியமரத்தில் ஏறினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எந்தக் கிளையில் கட்டலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

கூட்டத்தைக் கண்டு உபதேசியார் கோயிலைவிட்டு வெளியே வந்தார். சாலையைக் கடக்காமல் அந்தப் பக்கமே நின்றார்.

"அடைக்கலம் எங்க?"

"இங்கிட்டு இருக்கேண்ணே," என்று மரத்தின்மேலிருந்து குரல் வந்தது.

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "கோயில் வாசல்ல, தவக்காலத்துல, ஊதாத் துணியப் போத்தி இந்தப் பொட்டிய ஊர்கோலம் கொண்டாந்திருக்கா. இது கோயில் தெருன்னு அவகிட்ட சொல்லு."

"இது சர்க்கார் ரோடுங்க மச்சான்," என்றாள் சந்தனமேரி. "கோயில் தெரு ஒங்க காலடியோட முடிஞ்சு போச்சு."

ஜன்னலுக்குள் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். உபதேசியார் வானத்தைப் பார்த்தார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மழையிலும் காய்ச்சலிலும் அவர் ஒரு நாளும் தவறவிடாத நண்பகல் மணியை அடிக்கும் நேரம் அது. கயிற்றை வேறொருவர் தொட விட்டதும் இல்லை.

"மணி அடிச்சா இந்த ஊருல எதுவும் வாய் தெறக்கக் கூடாது," என்றார். "அந்தப் பொட்டியுந்தான்." விறுவிறுவென்று உள்ளே போனார்.

சந்தனமேரி ஊதாத் துணியை விலக்கிக் குமிழைத் திருகினாள். தன் கையால் அதைத் திருகியது அதுவே முதல் தடவை. உள்ளே வண்டு இரைவதுபோல் ஒரு சத்தம். பச்சை விளக்கு மெல்லத் தெளிந்தது. வீணை ஒன்று முடிந்தது. பிறகு ஒரு பெண் குரல், அச்சடித்ததுபோன்ற தமிழில் சொன்னது: "அடுத்து, குளத்தூர் தாலுகா சூசையப்பர்பட்டியைச் சேர்ந்த மரிய செல்வி, 'தாயும் சேயும்' என்னும் தலைப்பில் பேசுகிறார்."

வீட்டுக்குள் வரக் கூடாத அந்தப் பேர் நடுச்சாலையில் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அதே வேளையில் கோயில் மணி அடித்தது.

எல்லாரும் எழுந்து கைகூப்பினார்கள். மரத்தின்மேல் அடைக்கலம் கிளையைத் தொடைகளால் இடுக்கிக்கொண்டு கைகூப்பினார். நண்பகல் மணியை மும்மூன்று தடவையாக அடித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் பின் ஒரு செபம் சொல்லும் அளவுக்கு நிறுத்துவார்கள். இறுதியில் ஒன்பது தடவை தொடர்ந்து அடிப்பார்கள். மணி ஓயும்வரை கைகளைப் பிரிக்கவோ, எதையும் தொடவோ, பேசவோ கூடாது. அந்த அமைதியில் ரேடியோ மட்டும் பேசியது.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றாள் மரிய செல்வி. குரலில் சிறு நடுக்கம் இருந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணின் குரல் அல்ல அது. 'எ'யைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லும், மூச்சு முட்டும்வரை வாக்கியத்தை நீட்டும், அவள் பெற்ற பெண்ணின் குரல். சந்தனமேரி கூப்பிய கைகளின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

மூன்று அடி. நிறுத்தம்.

"என் தம்பி பிறந்த எட்டாம் நாள் ஜன்னி கண்டு இறந்தான். அவனுக்குத் தொப்புள்கொடி அறுத்தது புல்லறுக்கும் கருக்கரிவாள். அந்தச் சாவுக்குக் காரணம் எந்தத் தெய்வமும் அல்ல. என் அம்மாவும் அல்ல. அந்த அரிவாளில் இருந்த துருவும் சாணமுமே..."

மூன்று அடி அதன்மேல் விழுந்தது. ஆனால் வேண்டியது விழுந்துவிட்டிருந்தது. சந்தனமேரி நிமிர்ந்து கோயிலைப் பார்த்தாள். திறந்த கதவுக்குள் வெள்ளை வேட்டி மேலும் கீழும் அசைவது தெரிந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

கேட்டுத்தான் இருந்தது. ஏனெனில் இறுதி ஒன்பது அடி முடிந்தபின்னும் மணி நிற்கவில்லை. பத்து, பதினொன்று என்று தொடர்ந்தது. ஒழுங்கு என்று ஒன்று உண்டானால் அதற்குத் தாமே காவலர் என்றிருந்த உபதேசியார், அன்றுதான் முதன்முதலாகக் கணக்கை மீறினார். மணி விடாமல் அடித்தது. மகளின் சொற்கள் நசுங்கிப் பாதியும் கால்வாசியுமாக வந்தன. சந்தனமேரி கூப்பிய கையோடு மண்டியிட்டு, ரேடியோவில் ஒலி வரும் முகப்பில் காதை வைத்தாள். "கொதிக்க..." என்று ஒரு சொல் வந்தது. "வேப்ப..." என்று ஒன்று. நடுவில் இருந்தவை போயின. போனவை திரும்பி வராதவை. மணி ஓயாதவரை கையை எடுத்துக் குமிழைக்கூடத் தொட அவளுக்கு வழியில்லை.

ஆனால் உபதேசியார் கோபத்தில் ஒன்றை மறந்திருந்தார். கணக்குக்கு மேல் அடிக்கும் மணிக்கு அந்த ஊரில் வேறு பொருள் இருந்தது. கூரை தீப்பற்றினால்தான் அப்படி அடிப்பார்கள்.

கடலைக் கொல்லையிலிருந்து முதலில் நான்கைந்து பேர் ஓடிவந்தார்கள். பிறகு ஏரிக்கரையிலிருந்து. குடத்தில் தண்ணீரோடு பெண்கள், வாளியோடு ஆண்கள், ஓலை இழுக்கும் தொரட்டியோடு ஒருவர். வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக் காலோடு வந்தார்கள். தீயைத் தேடித் தெருத்தெருவாகப் பார்த்துவிட்டு, கும்பல் இருந்த புளியமரத்தடியில் வந்து நின்றார்கள். ஒரு வாளிக்காரர் நேரே கோயிலுக்குள் போய்விட்டார். "உபதேசியாரே, எங்க தீ? யாரு வீட்டுல?" என்று அவர் கேட்டது சாலைவரை கேட்டது.

மணி நின்றது.

அதன்பின் ரேடியோவில் வந்த ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்தது. சூசையப்பர்பட்டி அவ்வளவு பேராக ஓரிடத்தில் கூடியது திருவிழாவில்கூடக் குறைவு. தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்க மறந்து பெண்கள் நின்று கேட்டார்கள். கொடி அறுக்கும் பிளேடையும், கட்டும் நூலையும் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும்; அறுத்த இடத்தில் சாணச் சாம்பலை வைக்கக் கூடாது; பார்ப்பவள் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று அந்தக் குரல் ஒன்றொன்றாகச் சொன்னது. இப்போது நடுக்கம் இல்லை. ஆண்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பஸ்ஸின் டயரைப் பார்த்தார்கள்.

"என்னையத்தான் சொல்லுது கழுதை," என்றாள் மருதாயி. "இவ கொடியையும் நாந்தான் அறுத்தேன். இவ மட்டும் எப்படிப் பொழச்சாளாம்?" சிறிது நேரம் கழித்து, பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "நூலையுமா கொதிக்க வைக்கணும்னு சொன்னா?"

"வணக்கம்," என்று மரிய செல்வி முடித்தாள். வீணை மறுபடி வந்தது.

சந்தனமேரி எழுந்து குமிழைத் திருகி அணைத்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். உபதேசியார் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கயிறு இழுத்த உள்ளங்கைகள் சிவந்திருந்தன. அவர் தம்பியைத் தேடவில்லை. அவளுக்கு நேரே வந்து நின்றார்.

"மணி அடிச்சதும் அணைக்கச் சொன்னேனா இல்லையா?"

அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"மணி அடிக்கிறப்பக் கையப் பிரிக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லிக் கொடுத்தது நீங்க. நான் தொடலங்க மச்சான். மணி ஓய்ஞ்சா அணைக்கலாம்னு இருந்தேன். அதுதான் ஓயவே இல்லையே."

வாளிக்காரர் வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் புளியமரத்து வேரில் ஊற்றினார்.

"நேர்ச்சையச் செலுத்தலன்னு சொன்னீங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "இத்தன வருசம் அதச் சொமந்தேன். இன்னைக்கு எறக்கிட்டேன். நீங்களும் கேட்டீங்க."

அவள் மூக்கன் பக்கம் திரும்பினாள்.

"அவகிட்ட சொல்லு. நடுவுல கொஞ்சம் கேக்கல, அத வந்து வாயாலே சொல்லணும்னு சொல்லு. பாஸ்குக்கு ஒன் பஸ்ஸுலதான் வரணும். நான் இந்த மரத்தடியிலயே நிப்பேன். நானும் அவளுமாச் சேந்துதான் வாசப்படி ஏறுவோம்."

"சொல்றேன் ஆத்தா," என்று மூக்கன் பேட்டரி ஒயர்களைக் கழற்றினான்.

"ஏற விட மாட்டேன்," என்றார் உபதேசியார்.

"அன்னைக்குப் பாப்போம்."

ஊதாத் துணியை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, அவர் கையில் கொடுத்தாள். "இது கோயில் துணி. இனிமே எங்க வீட்டுல இதுக்கு வேல இல்ல." ரேடியோவைப் போர்வை இல்லாமலேயே தலையில் ஏற்றிக்கொண்டாள். மரத்திலிருந்து இறங்கிய அடைக்கலம், வழக்கப்படி அண்ணனுக்குப் பின்னால் போவதற்கு ஓரடி வைத்தார். அவர் தோளில் சுற்றியிருந்த கம்பியின் மறுமுனை இன்னும் ரேடியோவில்தான் செருகியிருந்தது. அது அவரை இழுத்தது. ஒரு கணம் நின்றார். பிறகு கம்பியைக் கழற்றாமலேயே மனைவியின் பின்னால் நடந்தார்.

"பேட்டரி பாஸ்குக்கும் வராது," என்று உபதேசியார் பின்னாலிருந்து சொன்னார். "என்னைக்கும் வராது."

சந்தனமேரி சுமையோடு முழுதும் திரும்ப முடியாமல், பாதி திரும்பினாள்.

"வரவேண்டாங்க மச்சான்," என்றாள். "பஸ்ஸு தெனமும் வருது."